காற்று சூடானால் பெட்ரோல் கலவை என்னாகும்? தருமபுரிப் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் பென்னாகரம் சாலைப் பக்கம் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறேன். மார்கழி, தை வந்தால் "காலையில வண்டி எடுக்க மாட்டேங்குது" என்று வருவார்கள். சித்திரை, வைகாசியில் "மத்தியானம் பிக்கப்பே இல்ல" என்று வருவார்கள். இரண்டு கூட்டமும் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: "கார்பரேட்டர கொஞ்சம் மாத்தி வச்சுக் குடுங்க." ஒவ்வொருவருக்கும் நின்று விளக்க நேரம் கிடைப்பதில்லை. அதனால் கேட்ட கேள்விகளைக் கேட்டபடியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். கார்பரேட்டர் வண்டிகள் முதலில் வரும், எஃப்.ஐ. வண்டிகள் (கார்பரேட்டர் இல்லாமல், கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டிகள்) பின்னால் வரும்.

"ரிச்சா ஓடுது, லீனா ஓடுதுன்னு சொல்றீங்களே, அப்படின்னா என்னண்ணா?"

ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். இந்தக் கணக்கில் பெட்ரோல் கூடினால் ரிச், காற்று கூடினால் லீன். முழு த்ராட்டிலில் (ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகும்போது) இழுவை அதிகம் கிடைப்பது 12.5 அல்லது 13 பக்கம், அதாவது கொஞ்சம் ரிச்சாக இருக்கும்போது. சீரான வேகத்தில் போகும்போது 15 வரை லீனாக ஓடினாலும் வண்டி குறை சொல்லாது. அதையும் தாண்டினால் விக்கும், இஞ்சின் சூடாகும்.

இது எடைக்கு எடைக் கணக்கு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய முக்கால் கிலோ. அதை எரிக்கப் பதினோரு கிலோ காற்று வேண்டும். நம் ஊர்க் காற்றில் அது ஏறக்குறைய பத்தாயிரம் லிட்டர். ஒரு லிட்டர் போட்டு ஊருக்குப் போய் வருவதற்குள் உங்கள் வண்டி ஒரு பெரிய தண்ணீர் லாரி கொள்ளும் அளவு காற்றைக் குடித்திருக்கும். கலவைச் சிக்கல் என்றதும் எல்லோரும் பெட்ரோல் பக்கமே பார்க்கிறார்கள். நான் முதலில் காற்றுப் பக்கம் பார்ப்பதற்கு இதுதான் காரணம்.

"வெயில் அடிச்சா கலவை எதுக்கு மாறணும்? பெட்ரோலும் அதே, கார்பரேட்டரும் அதே தானே?"

காற்று அதே இல்லை. சூடானால் அது விரிகிறது, அதே ஒரு லிட்டருக்குள் எடை குறைகிறது. எவ்வளவு என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு: வெப்பநிலையோடு 273-ஐக் கூட்டி வகுத்தால் போதும். தை மாத விடியலில் 17 டிகிரி என்றால் 290. மே மாத மதியம் 39 டிகிரி என்றால் 312. 290-ஐ 312-ஆல் வகுத்தால் 0.93 வரும். அதாவது விடியலை விட மே மதியத்தில் காற்று 7 சதவீதம் எடை குறைவு.

ஜெட் என்பது கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் வழியில், பித்தளையில் போட்ட ஒரு துளை. வெளியே வெயிலா பனியா என்று அதற்குத் தெரியாது. ஆனாலும் கலவை முழுசாக 7 சதவீதம் மாறிவிடுவதில்லை. காற்று லேசானால் கார்பரேட்டர் தொண்டையில் உறிஞ்சும் விசையும் குறையும், அதனால் பெட்ரோலும் கொஞ்சம் குறைவாக ஏறும். இயற்பியல்படி இது பாதியை ஈடுகட்டிவிடுகிறது. மிச்சம் 3.5 சதவீதம் அளவுக்கு வெயிலில் ரிச், குளிரில் லீன். இந்த 3.5-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடங்களில் இது வரும்.

"அப்போ பனிக்கு ஒரு ஜெட்டு, வெயிலுக்கு ஒரு ஜெட்டு மாத்தணுமா?"

தினசரி ஓட்டும் வண்டிக்கு வேண்டாம். மெயின் ஜெட்டில் 100 நம்பரைக் கழற்றி 97.5 போட்டால், நம்பர் துளையின் விட்டத்தைக் குறிக்கும் ஜெட்டுகளில், துளையின் பரப்பு 5 சதவீதம் குறையும். நம் ஊர் வருடம் முழுக்கப் போட்டுக் காட்டும் மாற்றமே 3.5 சதவீதம்தான், ஒரு ஜெட் படிக்கும் குறைவு. நடுவில் சரியாக வைத்த வண்டி இரண்டு பக்கமும் தாங்கும்.

பந்தயத்துக்கு ஓட்டுகிறவர்கள் காலையில் ஒரு ஜெட், மதியம் ஒரு ஜெட் போடுவார்கள். அவர்களுக்கு ஒரு சதவீதமும் முக்கியம். உங்களுக்குப் பருவத்துக்குப் பருவம் ஜெட் மாற்றித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் யோசித்துக்கொள்ளுங்கள். ஜெட்டைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் பித்தளை மரை தேயும். அப்புறம் அதுவே ஒரு சிக்கலாக வந்து நிற்கும்.

"கலவை அவ்ளோ மாறலன்னா, மார்கழி காலையில ஏன் இருபது கிக் கேட்குது?"

பெட்ரோல் திரவமாக இருந்தால் எரியாது, ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். குளிர்ந்த இஞ்சினில் பாதிப் பெட்ரோல் இன்டேக் குழாயின் சுவரிலேயே ஈரமாக ஒட்டிக்கொண்டுவிடும். ஜெட் சரியாகத்தான் ஊற்றுகிறது, ப்ளக் இருக்கும் இடத்துக்கு ஆவி வந்து சேரவில்லை. அதற்குத்தான் சோக் கொடுத்திருக்கிறார்கள். கூடுதலாகப் பெட்ரோல் கொடுத்தால் அதில் ஆவியாகிற பங்கு எரியப் போதும்.

சோக்கை முழுதாகப் போடுங்கள், த்ராட்டிலைத் தொடாமல் உதையுங்கள். பிடித்ததும் ஒரு நிமிடம் போல ஓடவிட்டு, சீராகும்போது சோக்கைத் தள்ளிவிடுங்கள். பலர் பாதி சோக்கிலேயே கடைத்தெரு வரை போய்விடுகிறார்கள். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு இறங்கும், ரிங் தேயும். குளிர் காலையில் வண்டி எடுக்கவில்லை என்று கலவை ஸ்க்ரூவைத் திருப்புவது வேண்டவே வேண்டாம். காலையில் திருப்பியது நாள் முழுக்க அப்படியே நிற்கும், சோக் ஒரு நிமிடத்தில் விலகிவிடும்.

"தினமும் தருமபுரியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்குப் போறேன். அங்க குளிரு. ஓசூருக்கு ஏத்த மாதிரி வைக்கலாமா?"

இந்தக் கேள்வியை ஆசையோடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தருமபுரி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 460 மீட்டர், ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர். கிருஷ்ணகிரி தாண்டி சூளகிரிப் பக்கம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்துகொண்டே போகும். இரண்டு ஊருக்கும் நடுவே அழுத்தத்தில் 5 சதவீத வித்தியாசம். உயரம் கூடினால் காற்று லேசாகும், குளிர்ந்தால் கனமாகும். ஒன்று ரிச் பக்கம் இழுக்கும், மற்றது லீன் பக்கம் இழுக்கும்.

ஓசூரில் காலை 14 டிகிரியும் தருமபுரியில் மதியம் 34 டிகிரியும் என்று வைத்தால், குளிரால் காற்று 7 சதவீதம் கனமாகிறது, உயரத்தால் 5 சதவீதம் லேசாகிறது. மிஞ்சுவது ஒன்றரை, இரண்டு சதவீதம். கார்பரேட்டர் கணக்கில் அதிலும் பாதி. கைக்குக் குளிரத்தான் செய்யும், வண்டிக்கு அது ஏறக்குறைய தருமபுரி மதியக் காற்றேதான். தருமபுரியில் சரியாக வைத்த வண்டியை ஓசூருக்காகத் தொட வேண்டியதில்லை.

"ஏற்காடு ஏறினா மட்டும் மூச்சு முட்டுதே, ஏன்?"

ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். அங்கே நிலவும் குளிரையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் தருமபுரிக் காற்றை விட 10 சதவீதம் லேசு. கலவை 5 சதவீதம் ரிச்சாகும், அது மேலே சொன்ன ஒரு ஜெட் படி. ஆனால் நீங்கள் உணரும் சோர்வில் பெரும்பங்கு கலவையால் வருவதில்லை. காற்றே 10 சதவீதம் குறைந்தால் சக்தியும் அதே அளவு குறையும். எந்த ஜெட் போட்டும் அதைத் திருப்ப முடியாது. கியரை இறக்கிப் பொறுமையாக ஏறுங்கள். வத்தல்மலைக்கும் இதுதான்.

மலையிலேயே குடியிருப்பவர்கள் ஒரு படி சின்ன ஜெட் போடுவது நியாயம். சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் மலைக்கென்று லீன் செய்துகொள்ளவே கூடாது. இறங்கி வந்து கனமான காற்றில் அதே லீன் வண்டியை நெடுஞ்சாலையில் விரட்டினால் பிஸ்டன்தான் போகும். வெற்றிடத்தால் ஸ்லைடு ஏறும் கார்பரேட்டர்கள், பழைய யமஹா எஃப்இசட்டில் இருந்தது போன்றவை, இந்த மாற்றத்தைக் கொஞ்சம் தாமாகவே சமாளிக்கும்.

"டியூனிங் எந்த நேரத்துல பண்ணா நல்லது?"

இஞ்சின் நன்றாகச் சூடாக இருக்க வேண்டும், காற்று குளிர்ந்து இருக்க வேண்டும். அதாவது காலை ஏழு, எட்டு மணிக்குப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து செய்வது. குளிர்ந்த காற்றில்தான் கலவை அதிகபட்சம் லீனாக இருக்கும். அந்த நிலையில் சரியாக வைத்துவிட்டால் மற்ற நேரமெல்லாம் கொஞ்சம் ரிச் பக்கம் போகும். ரிச்சால் கொஞ்சம் பெட்ரோல் வீணாகும். லீன் இஞ்சினையே கொண்டுபோய்விடும்.

முறை இதுதான். முதலில் ஏர் ஃபில்டர், ப்ளக், வால்வு இடைவெளி மூன்றையும் சரிபாருங்கள். இதைச் செய்யாமல் ஸ்க்ரூவில் கைவைத்தால் உழைப்பு வீண். ஸ்லோவை (த்ராட்டிலைத் தொடாதபோது இஞ்சின் ஓடும் வேகத்தை) கொஞ்சம் ஏற்றி வைத்துக்கொண்டு கலவை ஸ்க்ரூவைக் கால் சுற்று, கால் சுற்றாக உள்ளே கொண்டுபோங்கள். ஓரிடத்தில் தடுமாறும். அங்கிருந்து வெளியே கொண்டுவாருங்கள், வேகம் ஏறி மறுபடி தடுமாறும். இரண்டு தடுமாற்றத்துக்கும் நடுவில் வேகம் அதிகமாக இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அப்புறம் ஸ்லோவைக் குறைத்துவிட்டு, த்ராட்டிலைப் படக்கென்று திறந்து பாருங்கள். விக்காமல் ஏற வேண்டும், விட்டதும் உடனே இறங்கி நிற்க வேண்டும். விக்கினால் லீன், இறங்கும்போது ஸ்லோவுக்கும் கீழே போய் அணையப் பார்த்தால் ரிச்.

"யூடியூப்ல வெளிய திருப்புனா ரிச்சுன்னான். என் வண்டியில தலைகீழா இருக்கு. யார் சொல்றது சரி?"

இரண்டு பேரும் சரி. ஸ்க்ரூவில் இரண்டு வகை உண்டு. கார்பரேட்டரின் ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூ, வெளியே திருப்பினால் காற்று கூடி லீனாகும். இஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் கலவையைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூ, வெளியே திருப்பினால் ரிச்சாகும். எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல் யார் பேச்சைக் கேட்டும் திருப்பாதீர்கள். எது என்று பார்த்த பிறகும், முதலில் முழுதாக உள்ளே கொண்டுபோய் எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். தப்பானால் பழைய இடத்துக்குத் திரும்பலாம். உள்ளே முட்டியதும் அழுத்தாதீர்கள், ஊசி முனை நசுங்கும்.

இன்னொன்று, இந்த ஸ்க்ரூவின் ஆட்சி ஸ்லோவிலும் கால் த்ராட்டில் வரையும்தான். நடுவில் நீடில் க்ளிப்பும் (ஜெட்டுக்குள் ஏறி இறங்கும் ஊசியின் உயரத்தை வைக்கும் க்ளிப்), முழு த்ராட்டிலில் மெயின் ஜெட்டும் ஆளும். நெடுஞ்சாலையில் இழுவை இல்லை என்று வந்து ஏர் ஸ்க்ரூவைத் திருப்பச் சொன்னால் அதில் ஒன்றும் நடக்காது.

"மைலேஜ் வேணும்ணா. கொஞ்சம் லீன் பண்ணிக் குடுத்துருங்க."

இதற்கு நான் இப்போதெல்லாம் முடியாது என்று சொல்லிவிடுகிறேன். காரணம் ஒரு எக்ஸ்எல். தொழில் தொடங்கிய புதிதில், ஒரு மே மாத மதியம், பாலக்கோடு பக்கத்துப் பால்காரர் ஒருவர் தம் டூ ஸ்ட்ரோக் மொபெட்டைக் கொண்டுவந்து இதையேதான் கேட்டார். அந்தச் சூட்டில் வண்டி ரிச்சாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. விக்காத அளவுக்கு நன்றாக லீன் செய்து கொடுத்தேன். ஏழு மாதம் மைலேஜைப் பற்றிச் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டிசம்பரில் ஒரு விடியற்காலை, இரண்டு பக்கமும் பால் கேனோடு மேட்டில் ஏறும்போது பிஸ்டன் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு அவருக்கு மொத்தப் பாலும் வீணானது.

மே மதியத்தில் விளிம்பில் வைத்தேன். டிசம்பர் விடியலில் அது இன்னும் மூன்று, நாலு சதவீதம் லீனாகிவிட்டது. டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு கலந்தே வருவதால் பெட்ரோல் குறைந்த அளவுக்கு ஆயிலும் குறைந்தது. மேலே பாரம், மேடு. தப்பு முழுக்க என்னுடையது. சிலிண்டரைக் கடைந்து போர் போட்ட செலவை நானே ஏற்றுக்கொண்டேன். பால் போன இழப்பை என்னால் ஈடுகட்ட முடியவில்லை. குளிர்ந்த காலையில்தான் டியூன் செய்வேன் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அன்றிலிருந்துதான். மைலேஜ் வேண்டுமென்றால் டயரில் காற்று, செயின் டென்ஷன், ப்ரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அதில் கிடைப்பது எந்த ஆபத்தும் இல்லாத மைலேஜ்.

"ப்ளக் பார்த்தா தெரிஞ்சிருமாமே?"

ஓரளவு தெரியும். கரி கரியாக இருந்தால் ரிச், சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் லீன், நடுவில் காப்பிப்பொடி நிறம். ஆனால் ஈயம் இல்லாத பெட்ரோல் வந்த பிறகு நிறம் முன்பு போல அழுத்தமாகப் படிவதில்லை. அதோடு நீங்கள் பட்டறை வாசல் வரை ஸ்லோவில் வந்து அணைத்தால் ப்ளக் காட்டுவது ஸ்லோவின் கதைதான். நெடுஞ்சாலைக் கலவையைப் பார்க்க வேண்டுமென்றால், புது ப்ளக்கோடு அந்த வேகத்திலேயே சில நிமிடம் ஓட்டி, ஆள் இல்லாத இடத்தில் க்ளட்சைப் பிடித்து இஞ்சினை அணைத்து, ஓரங்கட்டிக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

"மே மாசம் பஸ் ஸ்டாண்டுல நிறுத்திட்டு வந்தா வண்டி எடுக்க மாட்டேங்குது. வெயில்ல லீனா ஆயிடுச்சா?"

நேர் எதிர். இஞ்சினை அணைத்ததும் அதன் சூடு முழுக்க கார்பரேட்டருக்கு ஏறும். கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் கொதித்து, ஜெட் வழியே மேலே வந்து இன்டேக்கில் தேங்கும். அது அளவுக்கு மீறிய ரிச். பெட்ரோல் வாசனை குப்பென்று அடிக்கும். இந்த நேரத்தில் சோக் போட்டால் நிலைமை மோசமாகும். சோக் இல்லாமல் த்ராட்டிலை முழுதாகத் திறந்து பிடித்துக்கொண்டு நாலு உதை உதையுங்கள், காற்று புகுந்து ஆவியை வெளியேற்றிவிடும். பிடித்ததும் த்ராட்டிலை விட்டுவிடுங்கள். முடிந்தால் நிழலில் நிறுத்துங்கள்.

"இ20 பெட்ரோல் வந்ததிலிருந்து வண்டி விக்குது. இது வெயிலாலயா, பெட்ரோலாலயா?"

பழைய கார்பரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல்தான். எத்தனால் எரிய ஒன்பது மடங்கு காற்று போதும். அதனால் 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தேவையான விகிதம் 14.1, 20 சதவீதம் கலந்ததற்கு 13.5. ஜெட் அதே அளவுதான் ஊற்றும். ஆக, இ10-லிருந்து இ20-க்கு மாறியதில் வண்டி 4 சதவீதம் போல லீனாகிவிட்டது. ஞாபகம் இருக்கிறதா, தை விடியலுக்கும் மே மதியத்துக்கும் உள்ள மொத்த வித்தியாசமே 3.5 சதவீதம். 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் தொடங்கிய இ20, 2025-க்குள் எங்கும் வந்துவிட்டது. நம் வண்டிகளுக்கு இது ஒரு நிரந்தர மார்கழி. இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும் என்கிறேன், யாரும் கேட்பதில்லை.

இங்கே மட்டும் நான் கலவையைத் திருத்தச் சொல்வேன். ஸ்லோவில் விக்கினால் ஸ்க்ரூவில் கால் அல்லது அரைச் சுற்று ரிச் பக்கம். நடுவில் விக்கினால் நீடில் க்ளிப்பை ஒரு காடி கீழே இறக்குங்கள், நீடில் மேலே ஏறிப் பெட்ரோல் கூடும். முழு த்ராட்டிலில் சூடானால் ஒரு படி பெரிய மெயின் ஜெட். எத்தனால் ஆவியாக அதிக வெப்பத்தை இழுப்பதால் குளிர் காலையில் ஸ்டார்ட்டிங்கும் கொஞ்சம் கடினமாகும், சோக் சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ரப்பர் ட்யூப், வாஷர்களையும் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

"என்னுது பி.எஸ்.6 வண்டி. எஃப்.ஐ.க்கும் டியூனிங் உண்டா?"

இல்லை, அது தானே பார்த்துக்கொள்ளும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகள் பெரும்பாலும் எஃப்.ஐ. இன்டேக்கில் காற்றின் வெப்பநிலையைப் பார்க்க ஒரு சென்சார், அழுத்தத்தைப் பார்க்க ஒன்று. நாம் மேலே 273 கூட்டிப் போட்ட கணக்கை ஈசியு (வண்டியில் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர்) ஓடிக்கொண்டே போடுகிறது. சைலன்சரில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், கணக்கு சரியா என்று திரும்பச் சொல்கிறது. அதனால்தான் இ20 வந்தபோது இந்த வண்டிகள் பெரிதாக முரண்டு பிடிக்கவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது சுத்தம்தான். ஃபில்டர், த்ராட்டில் பாடி, சென்சார் கனெக்டர். வெப்பநிலை சென்சார் என்பது சூடேறினால் தடை குறையும் ஒரு சின்னப் பொருள். வயர் அறுந்தால் எல்லையில்லாத் தடையாகத் தெரியும், அதை ஈசியு கடுங்குளிர் என்று படிக்கும். பெரும்பாலான வண்டிகளில் அப்போது எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஈசியு ஒரு பொது எண்ணை வைத்து ஓட்டும். ஸ்கேனரை மாட்டினால் காற்று எத்தனை டிகிரி என்று காட்டும். காலையில் குளிர்ந்த வண்டியில் அது வெளி வெப்பநிலையோடு ஒத்துப்போக வேண்டும். 15 டிகிரி விடியலில் 50 காட்டினால் சென்சாரை மாற்றுங்கள்.

"நாலு ரோடு சிக்னல்ல வெயில்ல நின்னு எடுத்தா எஃப்.ஐ. வண்டியும் ஒரு செகண்ட் தடுமாறுது. சென்சார் போச்சா?"

அநேகமாகப் போகவில்லை. நிற்கும்போது இஞ்சின் சூடு ஏறி சென்சாரே சூடாகிவிடும், 60 டிகிரியைக் கூடத் தாண்டும். சிக்னல் விழுந்து நீங்கள் த்ராட்டிலைத் திறந்ததும் உள்ளே வருவது 38 டிகிரி காற்று. சென்சார் ஆறும் வரை ஈசியு காற்று லேசு என்று நம்பிப் பெட்ரோலைக் குறைக்கும். நூறு மீட்டருக்குள் சரியாகிவிட்டால் அதைச் சிக்கலாக எண்ண வேண்டாம். சரியாகவில்லை என்றால் மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள்.

"பவர் சிப்னு ஆன்லைன்ல விக்கிறான், அந்த வெப்பநிலை சென்சார் வயர்ல மாட்டணுமாம். வாங்கலாமா?"

வேண்டாம். பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரும்பாலும் சில ரூபாய் மதிப்புள்ள ஒரு ரெசிஸ்டர் இருக்கும். தடையைக் கூட்டி, காற்று குளிர்ந்திருக்கிறது என்று ஈசியுவிடம் பொய் சொல்கிறது. ஈசியு பெட்ரோலைக் கூட்டும். சீரான வேகத்தில் போகும்போது ஆக்சிஜன் சென்சார் அதைக் கண்டுபிடித்துத் திரும்பக் குறைத்துவிடும். முழு த்ராட்டிலில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக எரியும். சில வண்டிகளில் குளிர் காற்று என்று நம்பி இக்னிஷனையும், அதாவது ப்ளக் பொறி விடும் நேரத்தையும், முன்னே தள்ளும், அதுதான் எனக்குப் பயம்.

காற்று 25 டிகிரி கூடுதல் சூட்டோடு உள்ளே போனால், பிஸ்டன் அழுத்தி முடிக்கும்போது அது ஏறக்குறைய 50 டிகிரி கூடுதலாக நிற்கும். மே மாதத்தில் தொப்பூர் மேட்டில் இரண்டு பேரோடு ஏறும்போது டொக் டொக் என்று நாக்கிங் (சூட்டில் கலவை தானாகவே வெடிக்கும் சத்தம்) வருவது இப்படித்தான். அந்த நேரத்தில் காற்று எவ்வளவு சூடு என்று ஈசியுவுக்கு உண்மை தெரிந்தாக வேண்டும்.

"ஏர் ஃபில்டர் பாக்ஸை எடுத்துட்டு ஓபன் ஃபில்டர் போட்டா காத்து நிறைய வரும்தானே?"

நிறைய வரும், சூடாக வரும். கம்பெனி பாக்ஸின் வாய் சீட்டுக்கடியில், இஞ்சினுக்குத் தள்ளி இருக்கும். ஓபன் ஃபில்டர் சிலிண்டருக்குப் பின்னாலேயே உட்கார்ந்து அதன் சூட்டைக் குடிக்கும். அதோடு பாக்ஸ் இல்லாததால் கார்பரேட்டர் வண்டி நன்றாக லீனாகும், ஜெட்டும் மாற்ற வேண்டிவரும். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் லாரி ஓடும் சாலைகளில் பறக்கும் தூசியைப் பார்த்தவர்கள் இந்த வேலையைச் செய்யவே மாட்டார்கள்.

"மாந்தோப்புல புல்லு வெட்டுற மிஷின் காலையில ஓட்டினா கத்துது, மதியம் அடங்குது. எப்படி வைக்கிறது?"

அது டூ ஸ்ட்ரோக் என்றால் பால்காரர் வண்டிக்குச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும். பெரும்பாலும் இரண்டு ஸ்க்ரூ இருக்கும், ஒன்று ஸ்லோவுக்கு, ஒன்று முழு வேகத்துக்கு. இரண்டையும் உள்ளே திருப்பினால் லீன். காலையில், மிஷின் சூடானதும், முழு வேகத்தில் சத்தம் கீச்சென்று சுத்தமாக ஏறும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கொஞ்சம் வெளியே திருப்புங்கள். சத்தம் லேசாகக் கரகரக்கும், புல்லில் வைத்ததும் சுத்தமாகும். அந்த இடம்தான் சரி. மதியம் கொஞ்சம் மந்தமானாலும் தொடாதீர்கள்.

"டிராக்டர் மத்தியானம் கரும்புகை விடுது. அதுக்கும் கலவைதானா?"

டீசலில் காற்றை யாரும் அடைத்து வைப்பதில்லை, எப்போதும் தேவைக்கு மேல் காற்று இருக்கும். மதியம் காற்று லேசாகி, பாரமும் அதிகமானால் அந்த மிச்சம் தீர்ந்து புகை வரும். ஏர் க்ளீனரைச் சுத்தம் செய்துவிட்டு, கியரை ஒன்று இறக்கி உழுங்கள். அப்புறமும் புகைந்தால் பம்ப், நாசில் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

"காலையில குளிர்ல பெட்ரோல் போட்டா அதிகம் கிடைக்கும்னு சொல்றாங்களே?"

பெட்ரோல் ஒரு டிகிரிக்கு 0.1 சதவீதம் போலத்தான் விரியும். பங்க்கின் தொட்டி பூமிக்கடியில் இருக்கிறது, காலைக்கும் மதியத்துக்கும் அங்கே வெப்பநிலை அதிகம் மாறாது. நேரம் கிடைக்கும்போது போடுங்கள்.

"நீங்க சொன்னதெல்லாம் பண்ணியாச்சு. ஆனாலும் காலையில மட்டும் மிஸ்ஸிங், மதியம் நல்லா ஓடுது. இது எப்படிண்ணா?"

இது நல்ல துப்பு. வெறும் 3.5 சதவீத மாற்றத்துக்கே வண்டி தடுமாறுகிறது என்றால், அது ஏற்கெனவே லீனின் விளிம்பில் நிற்கிறது என்று பொருள். குளிர் அதைத் தள்ளிவிடும் கடைசிக் கை. காரணம் வேறெங்கோ இருக்கிறது. கார்பரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் வெடித்து ஏர் பிடிக்கலாம், ஸ்லோவுக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட் பாதி அடைத்திருக்கலாம், கிண்ணத்தில் மிதவை மட்டம் இறங்கியிருக்கலாம். வண்டி ஸ்லோவில் ஓடும்போது அந்த ரப்பர் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஸ்லோ சட்டென்று மாறினால் அங்கே வெடிப்பு இருக்கிறது. சூடான இஞ்சினில் பெட்ரோலையோ க்ளீனர் ஸ்ப்ரேயையோ அடித்துச் சோதிக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

காலையில் நன்றாக ஓடி மதியம் மட்டும் மூச்சு முட்டினால் தலைகீழாக யோசியுங்கள்: அது ரிச்சின் விளிம்பில் நிற்கிறது. தூசி அடைத்த ஃபில்டர், மேலே ஏறிய மிதவை மட்டம், தேய்ந்த நீடிலும் அது நிற்கும் ஜெட்டும், முழுதாக விலகாத சோக். இந்த வரிசையிலேயே பாருங்கள், முதல் இரண்டிலேயே பெரும்பாலும் பிடிபடும். கோளாறைச் சரிசெய்த பிறகு, மறுநாள் காலை ஏழு மணிக்கு வண்டியைச் சூடாக்கி, ஸ்க்ரூவை முதலிலிருந்து ஒருமுறை வைத்துவிடுங்கள்.